கமராவும் கண்ணோட்டமும்

புகைப்படக் கலையில் தனித்துவம் தேடும் மாணவர் இன்று நம்மிடையே பலர். நல்ல கமராவும் புதுமையான கோணமும் ஒளிநிழல் வித்தையும் கைவந்துவிட்டால், தமக்கென ஒரு பார்வை வாய்த்துவிட்டதாக அவர்கள் நம்புகின்றனர். கைத்திறன் வேண்டியதே; அதனை நாம் மறுக்கவில்லை. எனினும், கலைஞன் யாரைப் பார்க்கிறான், யாருடைய பக்கத்தில் நின்று பார்க்கிறான் என்ற வினாக்களுக்கு விடை காணாதவரை அத்திறன் வெறும் வித்தையாகவே நின்றுவிடும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான டொறத்தியா லாங் (1895–1965) என்பவரின் வளர்ச்சியும் குறையும் இதனை நமக்கு நன்கு உணர்த்துகின்றன.

1920களில் லாங், சான் பிரான்சிஸ்கோ நகரில் ஸ்ரூடியோ நடத்திச் செல்வர்களைப் படம்பிடித்து வந்தார். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் தொழிலாளரை வேலையிழக்கச் செய்து தெருவில் நிறுத்தியது. 1933இல் அவர் கமராவுடன் அத்தெருவில் இறங்கினார். இலவச உணவுக்காகக் காத்துநிற்கும் கூட்டத்தில் பிறரெல்லாம் முதுகு காட்டி நிற்க, ஒருவர் மட்டும் இப்புறம் திரும்பி, வேலியிற் சாய்ந்து, தகரக் குவளையைக் கைகளுக்கிடையே வைத்திருக்கிறார். தொப்பி கண்களை மறைக்கிறது. ஸ்ரூடியோவிற் பழகிய கையே இப்படத்தையும் எடுத்தது. பார்வையோ தெரு தந்த பார்வை.

பின்னர் பொருளியலாளர் போல் ரெய்லரும் அவரும் இணைந்து, நிலமிழந்து கலிபோர்ணியாவுக்கு வந்த உழவரிடையே பணியாற்றினர். அம்மக்கள் கூறியவற்றை லாங் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். 1939இல் இருவரும் வெளியிட்ட நூலில், படங்களோடு அம்மக்களின் சொற்களும் இடம்பெற்றன. பார்த்தலோடு கேட்டலும் சேர்ந்த இந்நெறியையே லாங்கின் உண்மையான ஆக்கமுறையாக நாம் கருதுகிறோம்.

ஆயினும், அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்த படத்தில் இந்நெறி தவறியது. 1936இல் நிப்போமோ என்னுமிடத்தில், பட்டாணிப் பயிர் குளிரிற் கருகியதால் வேலையின்றித் தவித்த கூலிகளின் முகாமில், பிள்ளைகள் தோளிற் சாய்ந்திருக்கும் ஒரு தாயை அவர் படம்பிடித்தார். பெயரையோ வரலாற்றையோ தாம் கேட்கவில்லை என 1960இல் அவரே எழுதினார். படம் பத்திரிகையில் வெளிவந்ததும் முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. அதற்குள் அத்தாயின் குடும்பம் அங்கிருந்து போய்விட்டது. அவர் புளோரன்ஸ் தொம்சன் என்பது 1978இலேயே உலகுக்குத் தெரியவந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு சதமும் கிட்டவில்லை என அவர் மனம் நொந்து கூறினார். அரசாங்கப் பணியில் எடுத்த படமாதலால் லாங்குக்கும் அதில் உரிமைப்பணம் இல்லை என்பதை நாம் நேர்மையுடன் குறிப்பிட வேண்டும்.

அப்படத்தின் கலைச்சிறப்பை யாரும் மறுப்பதற்கில்லை. வறுமையின் கொடுமையைப் பல்லாயிரம் உள்ளங்களில் அது பதித்தது. ஆனால் ஒரு தொழிலாளிப் பெண் நாற்பதாண்டுக்கு மேலாகப் பெயரற்ற சின்னமாகவே வாழ நேர்ந்தது. உழைப்பவரைச் சின்னமாக்கி, அவருடைய வாயைக் கட்டிவிடும் பார்வை எவ்வளவு இரக்கம் நிறைந்ததாயினும் அரைகுறையானதே என்பது நமது துணிபு.

தோட்டத்து லயங்களுக்கும் கடற்கரைக் குடிசைகளுக்கும் கமராவுடன் செல்லும் நம் மாணவர் லாங்கிடம் இரண்டையும் கற்கவேண்டும். அவரைப்போல் ஸ்ரூடியோவை விட்டு வெளியே வருக. அங்கே நிற்பவரின் பெயரைக் கேட்டு, அவர் சொல்வதையும் எழுதிக்கொண்ட பின்னர் படம் எடுக்குக.