கிண்ணம் தீர்ப்பாகுமா?

2025 மே 31 இரவு மூனிச்சில் பாரிஸ் கழகமான பி.எஸ்.ஜி 5-0 என்று இன்டர் மிலானை வென்றதும், பாரிஸின் தமிழர் பகுதியான லாச்சப்பலில் மாதக்கணக்காக நடந்த ஒரு வழக்கு முடிந்துவிட்டதென்றே பலரும் நினைத்தார்கள். பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கேயைக் குறைசொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஐரோப்பிய வெற்றிக்கிண்ண இறுதியாட்டம் எதிலும் அதற்கு முன் ஐந்து கோல் வித்தியாசம் வந்ததில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான்.

ஆனாலும் சாட்சி வேண்டும். கிண்ணம் ஒரு பருவத்தின் விளைவைச் சொல்கிறது. அந்தப் பருவத்தில் எடுத்த ஒவ்வொரு முடிவும் சரி என்று அது சொல்வதில்லை. ஒரு பயிற்சியாளரை எடைபோட வேண்டுமென்றால், அன்றன்று அவர் கையில் யார் இருந்தார்கள், அவர்களில் யாரை எந்த இடத்தில் நிறுத்தினார் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், 2024 இலையுதிர்காலத்தில் நம்மவர்கள் சொன்ன குறைகளில் பாதி இன்றைக்கும் செல்லும்.

2024 கோடையில் எம்பாப்பே ரியல் மட்ரிட்டுக்குப் போனார். முந்திய பருவத்தில் அவர் அடித்தவை 44 கோல்கள். கழகம் அந்தக் கோடையில் வாங்கியது நடுக்களத்துக்கு ஜொவாவ் நெவேஸ், முன்வரிசை ஓரத்துக்கு டெசிரே டூவே, தடுப்புக்குப் பாச்சோ, கோல்காப்புக்கு சஃபோனொவ். ஸ்ட்ரைக்கர் என்று ஒருவரும் வரவில்லை. இருந்த இருவரில் கொன்சாலோ ராமோஸ் முதல் லீக் ஆட்டத்திலேயே கணுக்காலில் அடிபட்டு மாதக்கணக்கில் வெளியே இருந்தார். கொலோ முவானியைப் பயிற்சியாளர் பெரும்பாலும் வாங்கிலேயே இருத்தினார். பிறகு ஐரோப்பிய வெற்றிக்கிண்ணத்தில் நடந்தது தெரிந்ததே: ஆர்சனலிடம் 2-0 தோல்வி, ஐந்தோவனுடன் 1-1, சொந்த மைதானத்தில் அத்லெத்திகோவிடம் கடைசி நொடிகளில் 2-1 தோல்வி, பாயர்னிடம் 1-0 தோல்வி. தொடக்கத்தில் பெற்ற ஒரே வெற்றியையும் சேர்த்து ஐந்து ஆட்டத்தில் 4 புள்ளி. 36 அணிகளில் 24 மேலே போகும் போட்டியில் பி.எஸ்.ஜி அந்த 24-க்கு வெளியே நின்றது.

அத்லெத்திகோ ஆட்டத்துக்கு அடுத்த நாட்களில் ரூ பெர்தொனே பக்கத் தேநீர்க்கடைகளில் வேறு பேச்சே இல்லை. இளவாலை ஹென்றியரசர் கல்லூரிக்கு ஒரு காலத்தில் ஆடியவர் ஒருவர் கையிலிருந்த கிளாசைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பந்தை வைச்சுக்கொண்டு நிண்டாக் கோல் வருமோ? அடிக்கிறதுக்கு ஒருத்தன் வேணும்." இங்கே பிறந்து வளர்ந்த பொடியன் விடவில்லை. "ஒருத்தனை நம்பித்தானே மாமா இவ்வளவு காலமும் தோத்தவங்கள்?"

இரண்டு பேச்சும் பொய்யல்ல. மூத்தவரிடம் இருந்தது யாழ்ப்பாணத்துக் கல்லூரி மைதானத்தின் நியாயம். பத்திரிசியாருக்கும் ஹென்றியரசருக்கும் ஆட்டம் என்றால் முன்னுக்கு நிற்பவனுக்கு ஒரே கடமை, ஒரே மதிப்பெண். அத்லெத்திகோவுக்கு எதிராக பி.எஸ்.ஜி 20 முறைக்கு மேல் கோலை நோக்கி அடித்து உள்ளே போனது ஒன்றுதான் என்பதைப் பார்த்தவருக்கு இதைவிட வேறென்ன தோன்றும்?

பொடியன் சொன்னதற்கும் வலுவான ஆதாரம் உண்டு. கத்தார் முதலீடு 2011-இல் வந்தபின் என்ரிக்கேக்கு முன் ஏழு பயிற்சியாளர்கள் பார்க் தெ பிரான்ஸின் கோட்டோரத்தில் நின்றார்கள். 2017-இல் 222 மில்லியன் யூரோவுக்கு நெய்மார் வந்தார், 2021-இல் மெஸ்ஸி வந்தார். மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூவரும் சேர்ந்து ஆடிய இரண்டு பருவங்களிலும் ஐரோப்பிய வெற்றிக்கிண்ணத்தில் அணி கடைசி 16-இலேயே வெளியேறியது. காரணம் திறமைக் குறைவு அல்ல. பந்து பறிபோனதும் முன்னால் நிற்கும் மூவர் திரும்பி ஓடாவிட்டால் மிச்சப்பேர்தான் முழு மைதானத்தையும் காக்க வேண்டும். பிரான்ஸ் லீக்கில் அதைச் சமாளிக்கலாம். மட்ரிட்டுக்கும் பாயர்னுக்கும் முன்னால் அது நடக்காது.

என்ரிக்கேயின் கொள்கை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தன்னைப் பற்றிய ஆவணத்தொடரில் அவர் அதை வெளிப்படையாகவே சொன்னார்: ஒரு ஆட்டக்காரர் தன் விருப்பத்துக்கு நகர்ந்தால் சில சூழல்கள் என் கையில் இருக்காது, அடுத்த பருவத்தில் எல்லாமே என் கையில் இருக்கும். கேட்பவருக்கு இது இறுமாப்பாகப் படலாம். மூனிச்சில் அதன் பொருள் கண்முன்னே விரிந்தது. ஆட்டம் தொடங்கியதும் பி.எஸ்.ஜி பந்தை இன்டரின் பகுதியில் ஓரக்கோட்டுக்கு வெளியே நீளமாக அடித்துவிட்டது. எறிபந்து உங்களுக்கு, ஆனால் மூலைக்குப் பக்கத்தில், எங்கள் ஆட்கள் சுற்றி நிற்க. இன்டரின் கோல்காப்பாளர் பந்தை வைத்து உதைக்கத் தயாரானபோதெல்லாம் முன்வரிசையின் நடுவில் ஆடிய டெம்பெலே பெட்டிக்கோட்டில் குனிந்தபடி பாயக் காத்து நின்றார். 12-ஆவது நிமிடத்தில் விட்டிஞ்ஞா கொடுத்த பந்தை டூவே பெட்டிக்குள் குறுக்கே தள்ள, வெறும் வலைக்குள் தட்டிவிட்டவர் ஹக்கீமி. அவர் வலப்பக்கத் தடுப்பாளர். ஒன்பதாம் இலக்கக்காரன் நிற்கவேண்டிய இடத்தில் அன்று தடுப்பாளர் நின்றார். டெம்பெலே அந்த ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை, ஆனால் இரண்டு கோலுக்குக் கடைசிப் பந்தைக் கொடுத்தார். கொள்கையைப் பொறுத்தவரை என்ரிக்கே சரி, பொடியன் சரி. இதில் எனக்கு ஐயமே இல்லை.

நடைமுறை வேறு கதை. அந்த டெம்பெலே ஓகஸ்ட்டிலும் அணியில் இருந்தார், ஆனால் வலது ஓரத்தில். நடுவில் லீ காங்-இன்னையும் அசென்சியோவையும் நிறுத்தி முயன்றார்கள். டெம்பெலே நடுவுக்கு நிரந்தரமாக வந்தது டிசம்பருக்குப் பிறகே. முந்திய பருவம் முழுக்க 6 கோல் அடித்தவர் அந்தப் பருவத்தை 35 கோலுடன் முடித்தார். அப்படியென்றால் மருந்து வீட்டிலேயே இருந்திருக்கிறது, எடுத்துக் கொடுக்க நான்கு மாதம் பிடித்திருக்கிறது. மூத்தவர் கேட்ட மருந்து தவறு. கடையில் போய்ப் புது ஸ்ட்ரைக்கரை வாங்கச் சொன்னார். ஆனால் அவர் கண்ட நோய் உண்மையானது.

அந்தத் தாமதம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்குக் கணக்கே சாட்சி. 2025 ஜனவரி 22 அன்று மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக 53-ஆவது நிமிடத்தில் பி.எஸ்.ஜி 0-2 பின்தங்கியிருந்தது. கையில் இருந்தது 6 ஆட்டத்தில் 7 புள்ளி. அன்று தோற்று, கடைசி ஆட்டத்தில் ஷ்டுட்கார்ட்டை வென்றிருந்தாலும் 10 புள்ளிதான். அந்த ஆண்டு 11 புள்ளி எடுத்த டினாமோ சாக்ரெப்பே வெளியேறியது. இடைவேளையில் இறக்கப்பட்ட டெம்பெலே 56-இல் ஒரு கோல் அடிக்க, ஆட்டம் திரும்பி 4-2 ஆனது. அந்த அரைமணி நேரம் திரும்பாமல் இருந்திருந்தால் இன்று என்ரிக்கேயின் பெயரை அவருக்கு முந்திய ஏழு பயிற்சியாளர்களோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருப்போம், அவருடைய கொள்கை அதே கொள்கையாக இருந்தும்.

பிறகு லிவர்பூலைப் பெனால்ட்டியில் வென்றதை அதிர்ஷ்டம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாரிஸில் நடந்த முதல் ஆட்டத்தில் ஓயாமல் தாக்கியும் 0-1 தோற்ற அணி அது. அங்கே பறிபோனதுதான் ஆன்ஃபீல்டில் திரும்பி வந்தது. ஒழுங்கு காரணமாக டெம்பெலேயை, முன்பு 2-0 தோற்ற அந்த ஆர்சனல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போகாததையும் குற்றமாக எண்ணமாட்டேன். எல்லாரும் ஓடவேண்டும் என்ற அணியில் ஒருவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் பழைய கதைதான் மறுபடி தொடங்கும்.

என் தீர்ப்பு இது: எம்பாப்பேக்குப் பதில் இன்னொரு எம்பாப்பேயைத் தேடாதது சரியான முடிவு, அதன் பெருமையில் ஆட்களைத் தேர்ந்த லூயிஸ் கம்போஸுக்கும் பங்கு உண்டு. முன்வரிசையின் நடுவை நான்கு மாதம் தீர்க்காமல் விட்டது பயிற்சியாளரின் தவறு. டெம்பெலேயை இடம் மாற்றியதும், ஜனவரியில் குவாரட்ஸ்கேலியாவை வாங்கியதும் அதை அவர்களே உணர்ந்து திருத்தியதற்குச் சான்று. திருத்திக்கொண்டவரை மதிக்கிறேன். ஆனால் தவறே இல்லையென்று யாராவது சொன்னால் ஏற்கமாட்டேன்.

இன்னொரு குற்றச்சாட்டு இன்னும் தீராமல் கிடக்கிறது. பக்கத் தடுப்பாளர்கள் இருவரும் மேலே ஏறிப்போகும் இந்த ஆட்டத்தில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் பெரிய வெளி திறக்கும். 2025 ஜூலை 13 அன்று கழக உலகக்கிண்ண இறுதியில் செல்சி அந்த வெளிக்குள்ளேயே நீளப் பந்துகளைப் போட்டு, இடைவேளைக்குள் மூன்று கோல் அடித்து, 3-0 என்று வென்றது. மூனிச்சுக்கும் அதற்கும் இடையில் ஆறு வாரம்தான். ஸ்ட்ரைக்கர் எங்கே என்று கேட்டு ஓய்ந்தவர்கள், இடப்பக்கத் தடுப்பாளர் நூனோ மென்டெஸ் மேலே போனால் அவர் இடத்தை யார் காப்பது என்று அடுத்து கேட்கட்டும். அதற்கு மூனிச் வெற்றி பதில் சொல்லவில்லை.