ஏறும் கோடும் குறையும் கைகளும்

எண்ணிக்கையின் அரசியலைப் பற்றி நம்மிடையே நிறையப் பேசியாகிவிட்டது. வரிசையின் அரசியலைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. காலப்போக்கில் யார் மேலே போனார், யார் கீழே வந்தார் என்று கோடு இழுத்துக் காட்டும் தரவரிசை வரைபடங்களைத்தான் சொல்கிறேன். இது புதுச் சரக்கு அல்ல. 1790 முதல் 1890 வரையிலான கணக்கெடுப்புகளில் அமெரிக்க மாநிலங்கள் மக்கள்தொகையில் வகித்த இடங்களை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஹென்றி கேனட் இப்படிக் கோடுகளால் இணைத்துக் காட்டினார். பார்த்த மாத்திரத்தில் கதை சொல்லும் வடிவம். சிக்கலும் அங்கேதான்: அது எந்தக் கதையைச் சொல்கிறது?

இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்புகளில் மூன்றாவதையும் (2009-10) நான்காவதையும் (2019-20) எடுத்துக்கொண்டு, தொழிலாளர் எண்ணிக்கைப்படி மாநிலங்களை இரண்டு நெடுவரிசைகளாக அடுக்கிக் கோடு இழுத்துப் பார்த்தேன். அசாம் முதலிடம், மேற்கு வங்கம் இரண்டாமிடம். இரண்டும் அசையாத நேர்கோடுகள். தமிழ்நாடு நான்கிலிருந்து மூன்றுக்கு ஏறுகிறது. கைதட்டலாம்.

தட்டுவதற்கு முன் எண்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் சுமார் 3.52 லட்சமாக இருந்தவர்கள் 2.43 லட்சமாகிவிட்டார்கள். பத்தில் மூன்று பேரைக் காணோம். கோடு மட்டும் மேலே போகிறது. காரணம், நமக்கு முன்னால் நின்ற ஆந்திரத்தில் இன்னும் அதிகமானோர் தொழிலை விட்டார்கள். போதாததற்கு 2014இல் தெலங்கானாவும் தனியாகப் பிரிந்தது. அசாமின் அசையாத கோட்டுக்குள் சுமார் மூன்றரை லட்சம் பேர் காணாமல்போயிருக்கிறார்கள். நாடு முழுக்க 43.31 லட்சம் 35.22 லட்சமாகச் சுருங்கியது. ஆக, ஒரு சரிவை இந்த வடிவம் ஓட்டப்பந்தயமாக மாற்றிவிடுகிறது.

ஆரணியை ஒட்டிய சேவூரில் கூலிக்குப் பட்டு நெய்கிற ஒருவரிடம் இந்தப் படத்தை நீட்டினால், "நாம மேலே வந்துட்டோமாமே, அப்புறம் ஏன் பசங்க தறிப்பக்கமே வரமாட்டேங்கறாங்க?" என்று கேட்க மாட்டாரா? அவருக்குக் கட்டம் புதிதல்ல. சேலைக் கரைக்கான டிசைனைக் கட்டம்போட்ட தாளில் வரைந்துதான் ஜக்கார்டு அட்டையில் துளையிடுகிறார்கள். அந்தத் தாளில் காலிக் கட்டத்துக்கும் அர்த்தம் உண்டு. அங்கே இழை தூக்கப்படாது என்று அது சொல்கிறது. தரவரிசைப் படத்திலோ காலியிடம் பேசாது. இரண்டாமிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் இடையே பத்துப் பேர் வித்தியாசமா, நான்கு லட்சமா? இரண்டுக்கும் ஒரே இடைவெளிதான்.

இன்னொன்று. அசாமில் வீட்டுத் தேவைக்காக நெய்யும் பெண்களே பெரும்பான்மை. அவர்களையும் சேவூரின் கூலி நெசவாளரையும் ஒரே ஏணியில் நிறுத்தும்போது, உழைப்பின் உறவுகள் அழிக்கப்பட்டு வெறும் தலைகள் மிஞ்சுகின்றன.

அதனால் இந்த வடிவத்தையே தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோட்டின் தடிமனை எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றலாம்; அப்போது ஏறும் கோடு மெலிந்துகொண்டே ஏறுவது தெரியும். மாநிலம் பிரிந்த இடத்தில் கோட்டையும் பிரிக்கலாம். மொத்தத் தொகையை ஒவ்வொரு நெடுவரிசையின் அடியிலும் எழுதலாம். இவை அழகியல் விஷயங்கள் அல்ல. நெசவாளருக்காக நாம் அச்சிடும் துண்டறிக்கைகளிலும் 'மூன்றாமிடம்' என்ற சொல் வந்து உட்காரும் முன், எத்தனை பேரில் எத்தனை பேர் மிச்சம் என்ற கேள்வியை அதன் பக்கத்தில் எழுதியாக வேண்டும்.