தடம் நம்முடையது, கோப்பை யாருடையது?

2024ஆம் ஆண்டு ஃபார்முலா 4 இந்தியச் சாம்பியன்ஷிப் முழுக்கத் தமிழ்நாட்டு மண்ணிலேயே நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி, சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய தெருக்களில் இரவு விளக்கொளியில் சீறி, கோவை செட்டிப்பாளையத்து காரி தடத்தில் முடிந்தது. பட்டம் வென்றவர் தென்னாப்பிரிக்காவின் அகில் அலிபாய். அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியாவின் கூப்பர் வெப்ஸ்டர். கால்பந்தைத் தவிர வேறெதையும் எளிதில் மதிக்காத அதிராம்பட்டினத்தில் இதைச் சொன்னால், ‘சொந்த மைதானத்துல ரெண்டு வருஷமும் தோத்துட்டு வந்திருக்கீங்க’ என்பார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினைந்து வயது நிரம்பியவர்கள் ஏறி ஓட்டக்கூடிய வண்டி இது. வெளிநாட்டுப் பையன்கள் வந்து ஜெயிப்பதில் குற்றமில்லை. அவர்களோடு மோதுவதற்கு முன் நம் பையன்கள் எத்தனை சுற்று ஓட்டியிருக்கிறார்கள் என்பதே கேள்வி.

சென்னைத் தெருப் பந்தயத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. 2024 ஆகஸ்ட் 31 அன்று எல்லாம் தயார் என்றபோது, சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் அனுமதி வரத் தாமதமாகி, சனிக்கிழமையின் பெரும்பகுதி காத்திருப்பிலேயே கழிந்தது. தகுதிச் சுற்றும் பந்தயமும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அடைக்கப்பட்டன. கூட்டத்துக்கு அது எரிச்சல். ஓட்டுநருக்கோ பெரிய இழப்பு. ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர் நீளம், 19 வளைவுகள், இருபுறமும் கான்கிரீட் சுவர். இருங்காட்டுக்கோட்டையில் பிரேக்கைப் பத்தடி தாமதமாக மிதித்தால் மண்ணில் இறங்கிவிட்டுத் திரும்பி வரலாம். இங்கே முன்சக்கரம் சுவரில் உரசினால் அன்றைய பந்தயம் முடிந்தது.

பயிற்சி நேரம் சுருங்கினால் யாருக்கு லாபம்? ஏற்கெனவே கற்று வந்தவருக்குத்தான். அன்றிரவு வென்ற ஹியூ பார்ட்டர், 2022இல் பிரான்ஸ், ஸ்பெயின் இரண்டு நாட்டு ஃபார்முலா 4 தொடர்களிலும் இரண்டாம் இடம் பிடித்தவர். 2023இல் ஃபார்முலா 3 வரை போய்வந்தவர். டயரை எப்படிச் சூடேற்றுவது, முதல் சுற்றிலேயே சுவரை எவ்வளவு நெருங்கலாம் என்பதெல்லாம் அவருக்குப் பழகிய பாடம். பத்தாம் வகுப்புத் தேர்வை பிளஸ் டூ மாணவர் எழுதினால் வேறென்ன நடக்கும்?

ஆனாலும் பருவப் பட்டம் பார்ட்டருக்குப் போகவில்லை. முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 18, மூன்றாமிடத்துக்கு 15 என்பது புள்ளிக் கணக்கு. மூன்று வெற்றிகளும் ஐந்து மூன்றாமிடங்களும் ஒன்றுதான், இரண்டுமே 75. மின்னலடித்துவிட்டு மறைபவரைவிட, வாராவாரம் வண்டியை முழுசாகக் கொண்டுவந்து சேர்ப்பவருக்கே இந்தக் கணக்கு சாதகம். கார்ட்டிங்கிலிருந்து வந்த பெங்களூரின் ருஹான் ஆல்வா இந்தத் தொடரில் வெற்றி பார்த்தவர். வேகம் நம்மிடம் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. பருவம் முழுக்க அந்த வேகத்தைப் புள்ளியாக மாற்றும் நிதானம், ஓட்டி ஓட்டித்தான் வரும்.

ஓட்டுவதற்குப் பணம் வேண்டும். இந்த இடத்தில் கோவைக்காரர்களை நினைக்காமல் இருக்க முடியாது. காரி என்று அழைக்கப்பட்ட எஸ். கரிவரதன், மாருதி 800 என்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி! ஊர் மெக்கானிக் பழுது பார்க்கக்கூடிய என்ஜின். பிரான்ஸில் பந்தயப் பள்ளிக்குப் போய்வந்த நரேன் கார்த்திகேயன், ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் ஏறியதும் அந்த வண்டியில்தான். 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம், 2005இல் ஃபார்முலா 1. அமெரிக்க கிராண்ட் பிரியில் நான்காமிடம். (ஆறே கார்கள் ஓடிய பந்தயம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் ஓடியவரே. காரி 1995இல் விமான விபத்தில் மறைந்தார். ஃபார்முலா மாருதி செய்த வேலையை இன்று செய்வது, கோவையிலேயே உருவான எல்ஜிபி ஃபார்முலா 4 கார்கள். தொலைக்காட்சிக் கவர்ச்சியெல்லாம் புதிய ஃபார்முலா 4 இந்தியச் சாம்பியன்ஷிப்புக்குப் போய்விட்டது. ஓட்டுநரை வளர்க்கும் வேலையில் என் வாக்கு இன்னும் எல்ஜிபிக்கே.

படிக்கட்டு மேலே எவ்வளவு செங்குத்து என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஃபார்முலா 1 ஓட்ட சூப்பர் லைசென்ஸுக்கு 40 புள்ளி வேண்டும். ஒரு ஃபார்முலா 4 பட்டத்துக்குக் கிடைப்பது 12. மீதி 28க்கு வெளிநாடுதான் போயாக வேண்டும். அதற்குக் கோடிகள் வேண்டும்.

காவிரி டெல்டா பையனுக்கோ முதல் படியே தூரம். அதிராம்பட்டினத்திலிருந்து செட்டிப்பாளையம் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். சென்னை அதைவிடத் தொலைவு. கால்பந்துக்கு ஒரு பந்து போதும். கார்ட்டிங்குக்கு, தஞ்சை வட்டாரத்தில் வாடகைக்காவது வண்டி கிடைக்கும் ஒரு சிறு தடம் வேண்டும். தீவுத்திடலில் ஒரே இரவுக்குக் கொட்டிய செலவில் ஒரு துளி இதற்குப் போதும் என்று அடித்துச் சொல்வேன்.

அதுவரை, அடுத்த பருவத்தைப் பார்ப்பவர்கள் காரி தடத்தின் தகுதிச் சுற்றைத் தவறவிடாதீர்கள். 2.1 கிலோமீட்டர்தான், முந்துவதற்கு இடம் குறைவு. நம் பையன்கள் முதல் இரண்டு வரிசையில் நின்றால்தான் ஞாயிற்றுக்கிழமை கதையே.