பத்து வாக்கியங்களும் தமிழ்ப் பிள்ளைகளும்

உளவியல் ஆராய்ச்சி முறையைப் பட்டமேற்படிப்பில் பயிலும் இளம் ஆசிரியர் சிலர் என்னிடம் வருவதுண்டு. அவர்தம் ஆய்வேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். பிள்ளைகளிடம் கொடுக்கும் வினாப்படிவம் மட்டும் தமிழில் இருக்கும். அந்தத் தமிழைத் திருத்தித் தருவது என் வேலை. யான் ஆசிரியர் பயிற்சிக்கு மேல் படித்தவன் அல்லேன். எனினும், ஒற்றுப் பிழையைத் திருத்தும் கண்ணுக்குக் கருத்துப் பிழை தென்படாமற் போகுமா? அவ்வாறு தென்பட்ட ஒன்றைத் தமிழாசிரிய அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

ஆசிரியை ஒருவர் கல்வி அமைச்சின் அனுமதிக் கடிதத்தோடு எம் பள்ளிக்கு வந்தார். தோட்டப் பள்ளி மாணவரின் தன்மதிப்பை அளப்பது அவர் ஆய்வின் நோக்கம். (தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிப் பல்லாண்டு ஆயிற்று, பெயர்ப் பலகையில் மட்டும் தோட்டம் எஞ்சி நிற்கின்றது.) படிவத்தில் பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். முற்றிலும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி, நடுவில் 'நடுநிலை' என்று ஒன்று வைத்து, முற்றிலும் உடன்படவில்லை என்பதில் முடியும். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் கால் மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டனர்.

தாள்களைப் புரட்டினேன். ஒரு பையன் பத்துக்கும் நடுநிலையே இட்டிருந்தான். "ஏன் தம்பி இப்படி?" என்று வினவினேன். "நடுநிலையாக இருப்பதுதானே ஐயா நல்லது?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. வள்ளுவர் பன்னிரண்டாம் அதிகாரமாக வைத்த நடுவு நிலைமையை அந்தப் பையனுக்குக் கற்பித்தவர்களுள் யானும் ஒருவன். கணக்கின்படி அவனுக்கு ஐம்பதுக்கு முப்பது. ஆய்வேட்டில் அவன் 'நடுத்தரத் தன்மதிப்பு உடையவன்' ஆகிவிடுவான்.

இந்தப் பத்து வாக்கியங்களை ஆக்கியவர் மோரிஸ் ரோசன்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர். நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகள் பத்தில், மேல் வகுப்பு மாணவர் ஐயாயிரவருக்கு மேற்பட்டோரிடம் செய்த ஆய்வை 1965-இல் நூலாக வெளியிட்டார். உலகெங்கும் இன்று மிகுதியாகக் கையாளப்படும் தன்மதிப்பு அளவுகோல் இதுவே எனலாம். குறை அளவுகோலில் இல்லை. அது கைமாறி வந்த வழியில் இருக்கின்றது. ரோசன்பர்க் எழுதியது பதினாறு, பதினேழு வயதினருக்கு; எம் பள்ளியில் எழுதியவர் வயது பதினொன்றும் பன்னிரண்டும். அவர் வைத்த விடைகள் நான்கே. நடுக்கட்டம் அதில் கிடையாது. 1932-இல் லிக்கர்ட் என்பார் வகுத்த ஐந்து படி முறையை நினைத்து, இடையில் யாரோ ஒருவர் நடுநிலையைச் சேர்த்திருக்கின்றார். ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கும் மலாயிலிருந்து தமிழுக்கும் வந்ததில் வேறு என்னென்ன சேர்ந்தன, என்னென்ன கழிந்தன என்பதை அந்த ஆசிரியையும் அறியார். மொழிபெயர்த்ததை மற்றொருவரைக் கொண்டு மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒத்துப் பார்க்க வேண்டும் என்று பிரிஸ்லின் 1970-இலேயே எழுதினார். முறையியல் பாடத்தில் அது கற்பிக்கப்படுகின்றது, தேர்விலும் எழுதப்படுகின்றது. அத்தோடு சரி.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். தன்னைத் தான் இன்னும் மதிக்கக் கூடாதா என்று ஏங்கும் பொருளுடைய வாக்கியம் ஒன்று அப்பத்தில் உண்டு. எங்கள் படிவத்தில் அது 'சுயமரியாதை' என்று பெயர்க்கப்பட்டிருந்தது. அகராதிப்படி பிழையன்று. ஆனால் 1925-இல் தொடங்கிய இயக்கத்திற்குப் பின், பெரியார் 1929-இல் மலாயாவுக்கு வந்து சென்றதற்குப் பின், தமிழரிடையே அச்சொல்லின் பொருள் வேறு. பிறர் முன் தலை குனியாமை, இழிவைப் பொறாமை என்பது அது. "எனக்கு இன்னும் சுயமரியாதை வேண்டும்" என்று ஒரு தோட்டத்துப் பிள்ளை குறியிட்டால் அது தாழ்வு மனப்பான்மையா, நிமிர்வா? ரோசன்பர்க்கின் கணக்கில் மதிப்பெண் குறையும். என் கணக்கில் கூடும்.

எதிர்மறை வாக்கியங்களின் கதை இன்னும் பெரிது. பத்தில் ஐந்து எதிர்மறைப் பொருள் கொண்டவை. "நேற்று நீ வரவில்லையா?" என்று கேட்டால் நம் பிள்ளை, "ஆமாம் ஐயா, வரவில்லை" என்பான். ஆங்கிலேயச் சிறுவன் அதே இடத்தில் 'இல்லை' என்றே தொடங்குவான். தமிழில் 'ஆம்' என்பது பெரும்பாலும் கேட்டவர் சொல்லோடு உடன்படுதல். ஆங்கிலத்தில் அது நிகழ்ச்சியோடு உடன்படுதல். இந்த வேறுபாட்டை எண்ணாமல், பெருமைப்படத் தனக்கு ஒன்றும் இல்லை என்னும் பொருளுடைய வாக்கியத்தை வைத்து 'உடன்படவில்லை' என்ற கட்டத்தைக் காட்டினால், இரண்டு 'இல்லை'களுக்கு நடுவில் பிள்ளை திகைத்து நிற்கின்றது. தேர்வு அன்று என்று ஆசிரியை சொல்லியும், எழுதி முடித்த ஒரு சிறுமி, "எத்தனை சரி, டீச்சர்?" என்று கேட்டாள்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்ந்த தடுமாற்றம் என்று எண்ண வேண்டா. ஷ்மிட், அல்லிக் என்னும் இருவர் 53 நாடுகளில் இதே அளவுகோலை வைத்துச் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. எதிர்மறை வாக்கியங்கள் நாட்டுக்கு நாடு வேறு வேறாகப் பொருள் கொள்ளப்படுகின்றன என்று அவர்கள் கண்டனர். அந்நாடுகளுள் சராசரி மிகக் குறைந்தது ஜப்பான். ஜப்பானியர் தம்மைத் தாமே இழிவாக எண்ணுகின்றனர் என்று முடிவு கட்டுவதா, தம்மைப் புகழ்ந்து எழுத நாணுகின்றனர் என்பதா? அடக்கமுடைமையைப் பதின்மூன்றாம் அதிகாரமாகப் படித்த பிள்ளையிடம் 'நான் சிறந்தவன்' என்று குறியிடச் சொல்லும்போதும் இக்கேள்வி எழத்தான் செய்யும்.

இவற்றை யான் சொன்னபோது ஆசிரியை ஒரு விடை வைத்திருந்தார். "ஆல்பா எழுபது விழுக்காட்டைத் தாண்டிவிட்டது ஐயா" என்றார். குரோன்பாக் 1951-இல் எழுதிய கட்டுரையால் பெயர் பெற்ற எண் அது, 0.70-க்கு மேல் இருந்தால் போதும் என்பது வழக்கமாகிவிட்டது. கணிப்பொறி ஒரு நொடியில் தந்துவிடும். ஆனால் அந்த எண் சொல்வதென்ன? வினாக்கள் ஒன்றோடொன்று எந்த அளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே சொல்கின்றது. எதை அளக்கின்றன என்பதைச் சொல்வதில்லை. பெரியவர் முன் பணிவாக இருக்கும் பிள்ளைகளிற் சிலர், நேர்ப்பொருள் வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் 'உடன்படுகிறேன்' என்றே இடுவர். அங்கே பணிவே ஆல்பாவை உயர்த்திவிடும். என் தந்தையார் பால் வெட்டிய காலத்தில், பால் கொட்டகைத் தராசு ஒன்று நாள்தோறும் ஒரே அளவாகக் குறைத்துக் காட்டியதாம். மாறாமல் காட்டியதால் அதை நம்பகமுடையது என்று சொல்லலாம். சரியான தராசு என்று வெட்டுமரத்துக்காரர் யாரும் சொல்லவில்லை. நம்பகம் வேறு, ஏற்புடைமை வேறு. முறையியல் பாடத்தின் முதற் பாடம் இது. எண்ணாகக் கிடைக்கும் முதலாவதைப் பற்றிக்கொண்டு, உழைத்துத் தேட வேண்டிய இரண்டாவதைக் கைவிடுவதே நம்மவர் ஆய்வேடுகளில் யான் காணும் பெருங்குறை.

இன்னொன்றும் உண்டு. அன்று வகுப்பின் முன் யான் நின்றிருந்தேன். பெர்லின் நகரில் வான் ஆஸ்டன் என்னும் ஓய்வு பெற்ற கணக்காசிரியர் தம் குதிரைக்குக் கணக்குக் கற்பித்துவிட்டதாக நம்பினார். அது காலால் தட்டி விடை சொல்லிற்று. கேட்பவர் முகத்திலும் தலையசைவிலும் தோன்றும் மிகச் சிறு குறிப்பைக் கண்டே அது தட்டுவதை நிறுத்திற்று என்பதை 1907-இல் ஃபுங்ஸ்ட் வெளிப்படுத்தினார். குதிரைக்கே இயன்றது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இயலாதா?

அப்படியானால் எண்ணே வேண்டா, எங்கள் அனுபவம் போதும் என்று மூத்த ஆசிரியர் சிலர் கூறுவர். அதுவும் எனக்கு உடன்பாடு அன்று. இரண்டாண்டுக் காலம் சோம்பேறி என்று யான் முடிவு கட்டிய மாணவன் ஒருவனுக்குக் கண்பார்வைக் குறை என்று பின்னர்த் தெரிந்தது. என் அனுபவத்தின் தரம் அவ்வளவுதான்! மேடைதோறும் 'தொல்காப்பியரே உளவியலின் தந்தை' என்று முழங்குவதும் பயன் தராது. மெய்ப்பாட்டியல் ஆய்வுக்கூட நூல் அன்று. அது செய்யுளுக்கு உரியது. ஆயினும் ஒன்றை அதனிடம் கற்கலாம். பெருமிதம் என்னும் மெய்ப்பாடு கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கின் வழித் தோன்றும் என்று அது வகுக்கின்றது. 'நீ உன்னை மதிக்கின்றாயா?' என்று அது கேட்பதில்லை. எதனால் தோன்றுகிறது என்று பார்க்கின்றது. நான்காவதாகக் கொடையை வைத்தது நோக்கத்தக்கது. தன்னிடம் உள்ள ஒரே பென்சிலைப் பாதியாக ஒடித்துத் தோழனுக்குத் தரும் பிள்ளையைப் பற்றி அந்தப் பத்து வாக்கியங்களில் ஒன்றுகூடப் பேசவில்லை.

தமிழ் மக்களின் சொல்லிலிருந்தே ஆய்வைத் தொடங்கியவர் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரில் நொந்த மக்களிடையே பல்லாண்டு பணிபுரிந்தவர். தம் துன்பத்தை அம்மக்கள் பெருமூச்சு என்ற சொல்லாலும் உடல் நோவாலும் வெளியிட்டதை அவர் குறித்துக்கொண்டார். மேனாட்டுப் பட்டியல் தனி மனிதனின் நோயைத் தேடுகையில், குடும்பமும் ஊரும் சேர்ந்து அடைந்த வடுவை அவர் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார். காயத்திரி பெர்னாண்டோ என்பாரும் இலங்கை மக்கள் தம் வாயாற் சொன்ன கதைகளைத் திரட்டி, அவற்றிலிருந்தே வினாக்களை ஆக்கினார். அதற்குக் காலம் மிகுதியாக வேண்டும். இரண்டாண்டுப் பகுதி நேரப் படிப்பில் அவ்வளவு இயலாது என்று அந்த ஆசிரியை சொன்னது நியாயமே.

ஆயினும் ஒரு பிற்பகல் கிடைத்தது. அவரும் நானும் நான்கு பிள்ளைகளைச் சிற்றுண்டிச் சாலையில் உட்கார வைத்து, "இந்த வாக்கியம் என்ன சொல்கிறது? உன் சொல்லில் சொல்" என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். ஏழாவது வாக்கியத்தை நால்வரும் நான்கு விதமாகச் சொன்னார்கள். ஆசிரியை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். யான் தேநீர் வாங்கப் போய்விட்டேன். முன்னர் நிரப்பிய தாள்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அன்றே முடிவாயிற்று. புதுப் படிவம் அடுத்த மாதம் வருகின்றது. நடுக்கட்டம் நீங்கிவிட்டது, 'சுயமரியாதை' இன்னும் வழக்கில் இருக்கின்றது, வேறு சொல் தேடுகின்றோம். பிள்ளைகள் எழுதும் நேரத்தில் யான் அலுவலகத்தில் இருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கின்றேன்.