மோந்தயூ கிராமத்துப் பேச்சு

ஒரு சரித்திர நூலைப் பாராட்ட வேண்டுமானால், "நாவல் மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். நாவலாசிரியன் என்ற முறையில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எம்மானுவல் லெ ருவா லாதுரி 1975ல் வெளியிட்ட 'மோந்தயூ'வைப் பற்றி அப்படிச் சொல்லும்போது மட்டும் மனம் கொஞ்சம் இடறுகிறது.

பிரான்சின் தெற்குக் கோடியில், பிரெனே மலைமேல் உள்ள சிற்றூர் மோந்தயூ. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 250 பேர் அங்கே இருந்தார்கள். உழுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள். கத்தோலிக்கத் திருச்சபை வேரோடு களைய முயன்ற கதார் மதத்தில் அவர்களில் பலருக்கு ரகசியமான பற்று. 1308ல் ஊரையே வளைத்து, வயது வந்தவர்களையெல்லாம் பிடித்துப் போனார்கள். பிறகு 1318 முதல் 1325 வரை பாமியே நகரத்து பிஷப் ழாக் ஃபூர்னியே அவர்களில் பலரை விசாரணை செய்தார். 1334ல் அவரே பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற போப்பாண்டவரானார். விசாரணைப் பதிவேடு வத்திக்கான் நூலகத்தில் தங்கிவிட்டது. அதுதான் இந்த நூலுக்கு ஆதாரம்.

பாத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. ஊர்ப் பாதிரியார் பியேர் க்ளெர்க் ஒருவரே போதும். கோயிலில் கத்தோலிக்கப் பூசை, உள்ளூரக் கதார்களுக்கு ஒத்தாசை, நடுவில் ஊர்ப் பெண்களோடு சரசம். கடைசியில் சிறையில் செத்தார். பெண்கள் வெயிலில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டே மோட்சம் நரகம் பற்றிப் பேசுகிறார்கள். யார் யாருக்குப் பேன் பார்க்கலாம் என்பதற்கும் முறை உண்டாம்!

இங்கேதான் என் குறை. இது திண்ணைப் பேச்சு அல்ல. சிறைக்கும் நெருப்புக்கும் அஞ்சியவர்கள் நீதிபதி முன் நின்று சொன்ன வாக்குமூலம். அவர்கள் ஓக்சிதான் மொழியில் சொன்னதைக் குமாஸ்தா லத்தீனில் எழுதினான். ஆசிரியர் இதை ஆரம்பத்தில் சொல்லுகிறார். சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார்.

அதே பதிவேட்டில் ஆர்க் என்ற ஊரைச் சேர்ந்த சிபில் பியேர் என்பவளின் வாக்குமூலம் வருகிறது. அவளுடைய கைக்குழந்தைக்குக் கடும் நோய். கதார் குரு வந்து, சாகிறவர்களுக்குரிய தீட்சையைக் கொடுத்து, இனிப் பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிப் போனார். இறந்தால் தேவதையாகிவிடும் என்று தகப்பன் சம்மதித்தான். இருவரும் வெளியே போனதும் அவள் குழந்தைக்கு முலை கொடுத்துவிட்டாள். கணவனுக்கு மகா கோபம்.

அந்தக் காலத்துத் தாய்க்கும் பாசம் இருந்தது என்பதற்கு இதை அத்தாட்சியாக்குகிறார் ஆசிரியர். இருக்கலாம். எனக்கு மனம் போவது வேறு இடத்தில். கதார் விதியை மீறினேன் என்று அவள் சொல்லுவது ஒரு கத்தோலிக்க பிஷப்பிடம். மீறியதே அங்கே அவளுக்கு அனுகூலம். தாயாகச் சொன்னாளா, தப்பிக்கச் சொன்னாளா? இரண்டும் உண்மையாக இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். நாவலாசிரியனாக இருந்தால் இந்தக் கேள்வியை விட்டு நகர்ந்திருக்கமாட்டான். நூலாசிரியர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

1978ல் வந்த ஆங்கிலப் பதிப்பு பிரெஞ்சு மூலத்தின் சுருக்கம். ழான் துவெர்னுவா பதிப்பித்த லத்தீன் பதிவேடு 1965லேயே வந்துவிட்டது. லத்தீன் தெரிந்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.