ஒரு கை வெண்டைக்காயை ரசிப்பது எப்படி?

ஆடிப்பட்டத்தில் விதை போட்டவர்களுக்குப் புரட்டாசியும் ஐப்பசியும் பறிப்பு மாதங்கள். முதல்முறை மாடித்தோட்டம் போட்டவர்கள் அப்போது தவறாமல் ஒரு கணக்குப் போடுவார்கள். தொட்டி, மண், தென்னை நார்க்கழிவு, விதை என்று செலவழித்ததையெல்லாம் கூட்டி, கிடைத்த காயின் எடையால் வகுத்துப் பார்ப்பார்கள். கிலோ வெண்டைக்காய் என்ன விலைக்கு வருகிறது என்று வெளியே சொல்ல முடியாது! அந்தக் கணக்கில் சந்தைதான் எப்போதும் ஜெயிக்கும். ஆனால் எந்தக் காயை, எந்த நாளில், எந்த வேளையில் பறிப்பது என்று முடிவுசெய்யும் உரிமையைச் சந்தை உங்களுக்குத் தராது. வீட்டு அறுவடையின் ருசியே அந்த உரிமையில்தான் இருக்கிறது.

நாள் பார்த்துப் பறியுங்கள்

வெண்டையிலிருந்து தொடங்கலாம். விதைத்து நாற்பது நாளையொட்டிப் பூ வரும். வெளிர் மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. காலையில் விரிந்த பூ அன்றைக்கே வாடிவிடும். அதிலிருந்து 4 முதல் 6 நாளில் காய் பறிக்கும் பதத்துக்கு வரும். நுனி ‘டக்’கென்று ஒடிந்தால் பிஞ்சு, ஒடியாமல் மடங்கினால் நார் ஓடிவிட்டது. பறித்த கையோடு ஒரு பிஞ்சைக் கழுவிப் பச்சையாகவே கடித்துப் பாருங்கள். கொழகொழப்புக்கு முன்னால் ஒரு மெல்லிய இனிப்பு நாக்கில் தட்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிப்பது நல்லது. காய் முற்றினால் செடியின் சத்து விதைக்குப் போய், புதுப் பூ குறையும்.

கத்தரிக்குப் பளபளப்புதான் அடையாளம். கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். குழி விழுந்து உடனே எழும்பினால் பதம். தோல் மங்கிப்போனால் உள்ளே விதை முற்றிவிட்டது என்று பொருள், கசப்பும் தட்டும். பெரிதாகட்டும் என்று காத்திருப்பதால் எடை கூடலாம், ருசி கூடாது.

தக்காளியை மழையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்கும். காய்ந்திருந்த வேருக்குத் திடீரென்று தண்ணீர் கிடைத்தால் பழம் உப்பித் தோல் வெடித்துவிடும். அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்ததுமே பறித்து வீட்டுக்குள் வைத்தாலும் பழுத்துவிடும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், குளிரில் வாசனை போய்விடும். பறிக்கும்போது இலையை ஒருமுறை தடவி விரலை முகர்ந்து பாருங்கள். கடைத் தக்காளியில் கிடைக்காத அந்தக் கார வாசனை இலையிலும் காம்பிலும் இருக்கிறது.

வேளையும் முக்கியம்

கீரையை வெயில் ஏறுமுன் கிள்ளுங்கள். இரவெல்லாம் தண்ணீர் ஏறிய இலை விறைப்பாக நிற்கும். மத்தியானம் கிள்ளினால் துவண்டுதான் கைக்கு வரும்.

பீர்க்கை, புடலைக் கொடிகளைப் பார்க்க மாலையில் மாடி ஏறுங்கள். பீர்க்கையின் மஞ்சள் பூ சாயங்காலம் விரியும். புடலையின் வெள்ளைப் பூ இருட்டும் நேரத்தில், ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து விரியும். “பூ பூவா பூக்குது, ஒண்ணும் காய் பிடிக்கலை” என்று புலம்புகிறவர்கள் பூவின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். குட்டிக் காய் ஒட்டியிருந்தால் அது பெண் பூ, வெறும் காம்பு என்றால் ஆண் பூ. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே. பெண் பூ வந்த அன்று ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைத் தடவிவிட்டால், அந்தக் காய்க்கு நீங்களும் பங்காளி.

பந்தல் அவரை மட்டும் உங்கள் அவசரத்துக்கு மசியாது. ஆடியிலேயே விதைத்தாலும் நாட்டு ரகங்கள் இலையாகத் தழைத்துக்கொண்டே போகும். பகல் குறையத் தொடங்கிய பிறகுதான் பூக்கும். உரம் போதவில்லையோ என்று பதற வேண்டாம், கொடி பொழுதை எண்ணிக்கொண்டிருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும்.

கலவையாக வந்தால் கலவையாகவே சமையுங்கள்

நாலு வெண்டை, இரண்டு கத்தரி, ஒரு பிடி கொத்தவரை, அரை முழப் பீர்க்கை... ஒரு பொரியலுக்குத் தனியாக எதுவும் போதாது. கவலை எதற்கு? கதம்ப சாம்பாரும் அவியலும் கூட்டும் நம் சமையலில் இருக்கின்றனவே. பிஞ்சுக் காய்க்கு மசாலாவை அடக்கி வாசியுங்கள். வெந்தது தெரிந்ததும் இறக்கிவிடுங்கள். பீர்க்கங்காய்த் தோலைத் தூக்கிப் போடாமல் உளுத்தம்பருப்பு, வரமிளகாயோடு வதக்கித் துவையல் அரையுங்கள். தோல் வாடாமல் பச்சென்று இருக்கும் வீட்டுக் காயில்தான் அந்தத் துவையல் சரியாக அமையும்.

சுரைக்காய்க்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. சமைக்குமுன் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயையும் குப்பையில் போடுங்கள். பாகற்காயின் கசப்பு வேறு, சுரைக்காயின் கசப்பு வேறு. பின்னது உடம்புக்கு நஞ்சு.

பறிக்காமல் விடும் உரிமை

எப்போது பறிப்பது என்று முடிவுசெய்பவர் நீங்கள்தான் என்றால், எதைப் பறிக்காமல் விடுவது என்பதும் உங்கள் கையில். ஒரு பாகற்காயைக் கொடியிலேயே பழுக்க விடுங்கள். ஆரஞ்சு நிறமாகி அடியில் மூன்றாக வெடிக்கும். விதையை மூடியிருக்கும் சிவப்புச் சதையை மட்டும் சுவைத்துப் பாருங்கள், இனிக்கும்!

நன்றாகக் காய்த்த வெண்டைச் செடியில் ஒரு காயை அடையாளத்துக்கு நூல் கட்டி விட்டுவிடுங்கள். காய்ந்து பழுப்பாகி, விளிம்புகள் பிளக்கும்போது பறித்து, விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து டப்பாவில் வையுங்கள். நாட்டு விதை போட்டவர்களுக்கே இது பலிக்கும். ஹைபிரிட் விதையில் அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது. அந்த ஒரே காயில் உங்கள் மாடிக்கு வேண்டிய விதை கிடைத்துவிடும். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். அடுத்த ஆடியில் கணக்குப் பார்க்கும்போது, விதைச் செலவு என்ற வரி இருக்காது.