வில்லங்கம் பார்க்காத கைமாற்றம்

டாட் ஏஐ (.ai) என்று முடியும் தன் இணையப் பெயர்களால் 2023இல் மட்டும் ஏறத்தாழ 3.2 கோடி டாலர் ஈட்டியது அங்குவிலா என்ற சிறிய கரீபியத் தீவு. அதைக் காட்டி, நாட்டுப் பெயர் தாங்கிய இணைய முகவரிகளை எல்லை பாராமல் யாருக்கும் விற்கவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்கிறார்கள். தஞ்சாவூரிலும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. அங்குவிலாவுக்குக் கிடைப்பது பதிவுக்கும் புதுப்பிப்புக்கும் அரசுக்கு வரும் கட்டணம். ஒருவர் கையிலிருக்கும் பெயரை அடுத்தவர் வாங்கும்போது விலை விற்றவருக்குத்தான் போகிறது. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

இந்தியாவின் டாட் இன் (.in) 2005இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. உலகில் எவரும் வாங்கலாம், விற்கலாம். இந்திய முகவரி தேவையில்லை. சிங்கப்பூரிலிருக்கும் கும்பகோணத்துக்காரர் ஊர்க் கடைக்கு அங்கிருந்தே பெயர் பதியலாம் என்பது நல்ல வசதி. மாற்றும் முறையிலும் தொழில்நுட்பக் குறை சொல்ல மாட்டேன். பூட்டைத் திறந்து, ரகசியக் குறியீட்டைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

அவ்வளவு சுலபமாக முடிந்துவிடுவதுதான் என் நெடுநாள் ஆட்சேபம். காவிரிப் பாசனத்தில் ஒரு மா நஞ்சை கைமாற வேண்டுமானால் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் பார்க்கிறோம். வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்க முடியாது. வெளிநாடுவாழ் இந்தியருக்குக்கூட வாரிசாக வந்தால்தான் உண்டு. தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, வீணை மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. அந்த உரிமையை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்கிறது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. மண்ணுக்கும் கைத்தொழிலுக்கும் இத்தனை காவல் வைத்த நாடு, தன் பெயரையே வாலாகக் கொண்ட முகவரிக்கு ஒன்றும் வைக்கவில்லை.

திருவையாறு பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மாப்பிள்ளைச் சம்பாவும் கருங்குறுவையும் விற்கிறது. இணையதளம் அமைத்துக் கொடுத்த இளைஞர், அதன் பெயரைத் தன் மின்னஞ்சலிலேயே பதிந்திருந்தார். வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது தன்னிடமிருந்த பெயர்களை மொத்தமாக விற்றார். இதுவும் அந்தக் கட்டோடு போயிற்று. ஏட்டில் அவர்தானே உரிமையாளர்? யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது உரிமையாளர் விவரத்தில் ஒரு நாட்டின் பெயர் மட்டும் தெரிகிறது. அது இந்தியா அல்ல. முகவரியைத் தட்டினால் சூதாட்டப் பக்கம் திறக்கிறது. துணிப்பைகளில் அதே முகவரிதான் பச்சை மையில் அச்சாகியிருந்தது. அந்த வீட்டு அம்மா திண்ணையில் உட்கார்ந்து, மீந்த பைகளில் அதன்மேல் ஒவ்வொன்றாக ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

தகராறு தீர்க்க நடுவர் முறை இருக்கிறதே என்பார்கள். அங்கே போனால் பெயர்மேல் தனக்கு உரிமை உண்டு, எதிராளிக்கு இல்லை, அவர் கெட்ட நோக்கத்தோடு வைத்திருக்கிறார் என்று மூன்றையும் நிறுவ வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும், வழக்கறிஞர் பிடிக்க வேண்டும். வணிகமுத்திரை பதிந்த பெரிய நிறுவனங்களுக்கு வாகான வழி அது. அரிசி விற்கும் குடும்பத்துக்கு அது கதவே அல்ல.

கனடா தன் டாட் சிஏ பெயரை அந்த நாட்டோடு தொடர்புடையவர்களுக்கே தருகிறது. சிங்கப்பூர் உள்ளூர் முகவரியுள்ள ஒருவரைப் பொறுப்பேற்கச் சொல்கிறது. இரண்டு நாட்டிலும் வணிகம் படுத்துவிடவில்லை. நாட்டின் பெயரை நாடே கவனிக்காமல் விடுவதைச் சுதந்திரம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அது கைகழுவல்.

வெளிநாட்டுக்கு விற்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. உரிமையாளரின் நாடு மாறும்போதாவது 30 நாள் பொது அறிவிப்பும், ஆட்சேபம் சொல்லச் செலவில்லாத ஒரு வழியும் வேண்டும். டாட் இன்னை நிர்வகிக்கும் நிக்சி இதைச் செய்ய வேண்டும். அதுவரை, டெல்டாவில் டாட் இன் பெயரில் கடை நடத்துபவர்கள் இன்றே பாருங்கள்: உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர், யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது?